திரைக்குப் பின்னால் உட்கார்ந்த கூட்டம்

போன மாதம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னையும் அதைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை ஒருத்தி பொத்தானை அழுத்தினாள். ஒரு நாடகம் பேசத் தொடங்கியது. பாத்திரங்கள் பேசாமல் இருந்த இடங்களில் மட்டும் வேறொரு குரல் வந்து, "அவள் கடிதத்தைக் கிழிக்கிறாள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனது. பார்வையில்லாத பிள்ளைகள் முப்பது பேரும் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், இது புதுசு இல்லியா? உங்க காலத்துல இதெல்லாம் உண்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"உண்டும்" என்றேன். அவள் நம்பவில்லை. எழுதித் தாருங்கள் என்று மற்ற ஆசிரியைகளும் பிடித்துக்கொண்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த வருடம் எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா உபதேசியார். குழித்துறை ஆற்றங்கரையிலிருந்து அரை மைல் மேட்டில் மிஷன் நடத்திய பார்வையற்றோர் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதை ஒட்டியே, படித்து முடித்த பெரியவர்கள் பாயும் கூடையும் முடைகிற நீளமான ஓலைக் கொட்டகை. அங்கே விரலால் தடவி வாசிக்கிற புள்ளி எழுத்தில் புத்தகம் நகல் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார். பெயர் தங்கபாய், தமிழும் மலையாளமும் எழுதத் தெரியும் என்று சொன்னார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

பயிற்சி ஆறு மாதம். இரும்புச் சட்டத்துக்குள் கனமான தாளை மாட்டி, மழுங்கிய ஊசியால் புள்ளி குத்த வேண்டும். ஒரு எழுத்துக்கு அதிகபட்சம் ஆறு புள்ளி. தாளின் பின்பக்கத்தில்தான் புள்ளி மேடாக எழும் என்பதால், வலமிருந்து இடமாக, எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும். முதல் மாதம் கனவில்கூட என் பெயரைத் திருப்பித்தான் எழுதினேன். ஒரு புள்ளி தவறாக விழுந்தால் நகத்தால் அழுத்தித் தட்டையாக்கலாம். கண்ணுக்கு அது மறைந்துவிடும். விரலுக்கு மறையாது.

இந்தக் கடைசி விஷயத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் சூப்பிரண்டு யேசுவடியான் சார். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் தாள்களைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். மேஜையில் தாளை வைத்து, அதன்மேல் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை விரித்து, துவர்த்துக்கு அடியில் இரண்டு கையையும் நுழைத்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி வாசிப்பார். நாங்கள் எதிரே நிற்க வேண்டும். ஒரு வரியில் விரல் தயங்கினால் அந்தத் தாள் திரும்பி வரும்.

முதல்முறை நான் நாற்பது பக்கம் கொண்டுபோனேன். ஞானப்பாட்டுகள். இரண்டாவது பக்கத்திலேயே அவர் விரல் நின்றது.

"இது அழிச்சதாக்கும், இல்லியா?"

"தெரியவே இல்லையே சார்."

"கண்ணுக்குச் செரி. வெரலுக்குத் தெற்று. வாசிக்கப்போறது ஆரு, உனக்க கண்ணா?"

நாற்பதில் இருபத்தாறு பக்கத்தை மறுபடி எழுதினேன். அவர் திட்டியதில்லை. பாராட்டியதும் இல்லை. ஒரு தாள் சரியாக இருந்தால் "போகட்டும்" என்பார். அதற்காக நாங்கள் கை வீங்கக் குத்தினோம்.

நாலு வருடம் கழித்து, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான புதிய புள்ளி முறை வந்தது. அதுவரை எழுதியதெல்லாம் பழைய முறை. அலமாரி நிறைய இருந்த புத்தகங்களை சார் ஒரு நாள் முழுக்கத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் எல்லாரையும் கூப்பிட்டு, "முதல் புஸ்தகத்துல இருந்து தொடங்குவோம்" என்றார். வேறு பேச்சே இல்லை. இரண்டே வருடத்தில் முடித்தோம். அந்த அலமாரி மறுபடி நிறைந்த அன்று நான் மேட்டிலிருந்து ஆறு வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பினேன். இருபத்தைந்து வயதில் அப்படியெல்லாம் ஓடத் தோன்றும்.

ஆனால் நிறைந்த அலமாரியில் இருந்ததென்ன? வேதப் புத்தகம், ஞானப்பாட்டு, கணக்கு, பூமிசாஸ்திரம், சுகாதாரம். இதை முகத்துக்கு நேராகச் சொன்னவள் மரிய செல்வம்.

மரிய செல்வம் குளச்சல்காரி. பிறவியிலேயே பார்வையில்லை. எட்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, படித்து, பிறகு கொட்டகையில் கூடை முடைந்துகொண்டிருந்தாள். கத்தோலிக்கப் பெண் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆராதனைக்கு வரமாட்டாள், ஆனால் எங்கள் ஞானப்பாட்டு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். புள்ளி எழுத்தை அவள் வேகத்துக்கு வாசிக்க அங்கே ஆள் கிடையாது. புது முறைப் புத்தகங்களை சாருக்குப் பிறகு அவள்தான் சரிபார்ப்பாள். சாரிடம் தப்பிய தவறு அவளிடம் தப்பாது.

"சுகாதாரம் நாலு தடவ வாசிச்சாச்சு டீச்சரே. கொசுவ எனக்கு நல்லா மனசிலாச்சு. வேற வல்லதும் உண்டா?" என்பாள்.

அந்தத் தை மாதம் ஆற்றங்கரை மைதானத்தில் ஒரு தோல்பாவைக்கூத்துக் குழு வந்து கொட்டகை போட்டது. தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பிப்பார்கள். மிருதங்கமும் ஜால்ராவும் பாட்டும் மேட்டுக்கு நன்றாகக் கேட்கும். எங்கள் கொட்டகையில் முடைகிறவர்கள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வேலியோரம் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். மூன்றாம் நாள் நானும் அங்கே இருந்தேன். பாட்டு நின்றது. வசனமும் இல்லை. திடீரென்று மைதானமே வெடித்த மாதிரி ஒரு சிரிப்பு. அடங்கி, மறுபடியும் சிரிப்பு.

"இப்ப எதுக்கு சிரிச்சினும்?" என்று மரிய செல்வம் கேட்டாள்.

"தெரியல்லயே பிள்ளே. நானும் இங்கதானே இருக்கேன்."

"ஆரும் ஒண்ணும் சொல்லல்ல. பின்ன எப்பிடி எல்லாருக்கும் ஒரே நேரத்துல சிரிப்பு வந்து?"

வேலியோரம் இருந்த இருபத்திரண்டு பேரும் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள்.

மறுநாள் கூத்துக்குப் போனேன். மிஷன் வேலைக்காரி கூத்துப் பார்க்கப் போவது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டித் திரை, பின்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கு. அந்தச் சிரிப்புக்குக் காரணம் ஒரு மீன்காரி. கூடையை இறக்கி வைத்து அவள் வியர்வை துடைக்கும்போதெல்லாம் ஒரு பூனை வந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டு போகிறது. கடைசியில் கூடையில் மீனே இல்லை. பூனையே உள்ளே ஏறிப் படுத்துக்கொள்கிறது. மீன்காரி அது தெரியாமல் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். கூடை மூடியின் இடுக்கு வழியாகப் பூனையின் வால் மெதுவாக எழுந்து, ஆடுகிறது. ஒரு வார்த்தை கிடையாது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதே நேரத்தில் மேட்டு வேலியோரம் இருபத்திரண்டு பேர் இந்தச் சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

காலையில் சாரிடம் போனேன்.

"சார், நம்ம ஆட்களுக்கு ஆற்றங்கரைப் பாவைக்கூத்தைக் காட்டணும்."

"காட்டணுமா?"

"அறிய வைக்கணும்."

"அப்பிடிச் சொல்லு." குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். "மிஷன் வளவுக்குள்ள கூத்துக்காரங்களைக் கூட்டிட்டு வந்தாச்சுன்னு கமிட்டியில கேட்பினும். எனக்க வேலையும் போகும், உனக்க வேலையும் போகும். அறியுமா?"

"அறியும் சார்."

"பின்ன எதுக்கு?"

மரிய செல்வம் கேட்ட கேள்வியைச் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் தள்ளினார். பிறகு, "எழுதித் தா. ஆரு வருவா, எங்க இருப்பினும், எவ்வளவு நேரம், வாய் பேசாத இடத்தை நீ எப்பிடிச் சொல்லுவே, எல்லாம் வேணும்" என்றார். நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடியில் 'என் பொறுப்பில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குழுவின் தலைவர் மாதவ ராவ். ஐம்பது வயது இருக்கும். வீட்டில் மராத்தி, வெளியே நல்ல நாஞ்சில் தமிழ். திரைக்குப் பின்னால் ராஜாவாகவும் ராணியாகவும் கிழவியாகவும் பேசுவது எல்லாம் அவர் ஒருவர்தான். அவர் மனைவி அனுசுயா பாய் பாடுவார், பாவைகளை எடுத்துக் கொடுப்பார்.

"பாவையைத் தொடக் குடுக்கணுமா? டீச்சரம்மா, எங்க வீட்டு ஆளுங்களே குளிச்சிட்டுத்தான் தொடுவோம். ஆட்டுத்தோலு. ஒரு கை தப்பாப் பிடிச்சா போச்சு" என்று ராவ் தலையை ஆட்டினார்.

நான் வாதாடவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த புள்ளித் தாளை எடுத்து அனுசுயா பாயின் மடியில் வைத்தேன். அவர் தடவிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பாதி செதுக்கிய பாவையை எடுத்து அதையும் தடவினார். ராணியின் சேலைக்கரை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். வெளிச்சம் அந்த ஓட்டைகள் வழியாக வந்துதான் திரையில் ஜரிகையாக மின்னும்.

"நீங்க எதால குத்துவீங்க?" என்று கேட்டார். ஊசியைக் கொடுத்தேன். அவர் தன் உளியைக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவர் கருவியை மற்றவர் தாளிலும் தோலிலும் குத்திப் பார்த்தோம். எனக்குத் தோலில் ஓட்டை விழவே இல்லை. அவர் என் தாளைக் கிழித்துவிட்டார். இரண்டு பேரும் சிரித்தோம்.

"போயிட்டு வருவோம்" என்று அவர் கணவரிடம் சொன்னார். அனுசுயா பாய் சொன்னால் அந்த வீட்டில் முடிந்தது.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும்.

பார்வையில்லாதவர்களுக்குத்தானே, இருட்டு எதற்கு, விளக்கு எதற்கு என்று பகல் மூன்று மணிக்கு ஏற்பாடு செய்தேன். கொட்டகையில் திரை கட்டவில்லை, விளக்கு ஏற்றவில்லை. பாவைகளை ஒவ்வொன்றாகக் கைக்குக் கை கொடுத்தோம். "இது ராஜா. இது ராணி. இது மீன்காரி" என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர்கள் தடவினார்கள். முகங்களில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது ஆளா? முறம் மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். "ஒத்தக் கண்ணுதான் இருக்கு" என்றார் இன்னொருவர். பக்கவாட்டு முகம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ராஜாவின் கையை யாரோ இழுத்துவிட்டார்கள். மூட்டு நூல் அறுந்து கை தனியாக வந்தது. ராவின் முகம் சிறுத்துப்போனது. அனுசுயா பாய், "அது வாரத்துக்கு ஒரு தடவ அறும்" என்று சொன்னாலும், ராவ் பாவைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போது மரிய செல்வம் எழுந்தாள்.

"டீச்சரே, திரை கெட்டினியளா?"

"இல்ல."

"வெளக்கு கொளுத்தினியளா?"

"இல்ல பிள்ளே. உங்களுக்கு..."

"எங்களுக்கு எதுக்குன்னு விட்டிட்டியளா? மத்தவியளுக்குக் காட்டுனதுதான் எங்களுக்கும் வேணும். அவிய நெழலைத்தானே பாத்து சிரிச்சினும்? இந்தத் தோலைப் பாத்தா சிரிச்சினும்? நெழலுன்னா என்னன்னு ஒருத்தராவது எங்களுக்குச் சொல்லித் தந்தியளா?"

அவள் கேட்டது நியாயம். ராவ் அடுக்குவதை நிறுத்தினார். "இந்தக் கேள்வியை என்னைப் பெத்த அப்பாகூடக் கேட்டதில்ல" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எட்டு நாள் தாங்க. திரும்ப வாறோம்" என்று சொல்லிப் போனார்.

அந்த எட்டு நாள்தான் என் வேலையில் நான் மிகவும் சிரமப்பட்ட நாட்கள். பிறவியிலிருந்தே வெளிச்சம் அறியாதவளுக்கு நிழலை எப்படிச் சொல்வது? 'கறுப்பான உருவம்' என்றால் கறுப்பு என்ன என்பாள். 'பின்னாலேயே வரும்' என்றால் சத்தம் வருமா என்பாள். இரண்டு நாள் வார்த்தையால் முயன்று தோற்றேன்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அவளைக் கொட்டகை முற்றத்துக்குக் கூட்டி வந்து, கையை நீட்டச் சொன்னேன். ஒரு முறத்தை எடுத்து அவள் கைக்கும் சூரியனுக்கும் நடுவே பிடித்தேன்.

"குளிருது" என்றாள்.

முறத்தை நகர்த்தினேன். "இப்ப வெயிலு." மறுபடியும் வைத்தேன். "இப்ப இல்ல." அவள் மற்ற கையால் முறத்தின் விளிம்பைத் தேடிப் பிடித்தாள். குளிர்ச்சி எங்கே முடிகிறது, வெயில் எங்கே தொடங்குகிறது என்று முழங்கையில் அளந்தாள். பிறகு முறத்தை என்னிடமிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள். சாய்த்தாள். குளிர்ந்த இடம் ஒடுங்கியது. நிமிர்த்தினாள். அகன்றது.

உள்ளே போய், பாக்குமரத்தின் பெரிய கமுகம்பாளை ஒன்றை மான் உருவத்தில் வெட்டிக் கொண்டு வந்தேன். அவள் முற்றத்தில் பாய் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள். ரவிக்கைக்கு மேலே தெரிந்த கழுத்திலும் தோளிலும் நிழல் விழும்படி பாளையைப் பிடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். கொம்பு அவளுக்குத் தெரியவில்லை. கால்களும் தெரியவில்லை. உடம்பு தெரிந்தது. கழுத்து எந்தப் பக்கம் நீள்கிறது என்று சொன்னாள். நான் பாளையை நடத்தியதும், "போகுது, வலத்தே போகுது!" என்று கத்தினாள். கூடை முடைந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வியர்வை வழிந்தது.

"அப்பம் நெழலுன்னா ஒரு பொருளு இல்ல. வெயிலு வராம மறிச்ச எடமாக்கும். மறிச்சது மானுன்னா அந்த எடமும் மானு. செரிதானே?"

சரிதான் என்றேன். அன்று சாயந்திரத்துக்குள் இருபத்திரண்டு பேரும் அந்தப் பாயில் படுத்து எழுந்தார்கள்.

மீதி நாட்களில் இரண்டு வேலைகள். கமுகம்பாளை தோல் மாதிரியே வளையும் என்பதால், அனுசுயா பாயை வரவழைத்து அவரிடம் உளியும் அளவும் வாங்கி, கொட்டகைக்காரர்களே ஆளுக்கொரு மீன்காரியும் பூனையும் செய்தார்கள். மூட்டுக்கு நூல், பிடிக்க ஈர்க்குக் குச்சி. முடைகிற விரல்கள் அல்லவா, இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். தானே செய்ததால் பக்கவாட்டு முகமும் பிடிபட்டது. "ஒரு கன்னத்தைச் சுவத்துல வச்சா மீதி இருக்குது பாத்தியளா, அதாக்கும் இது" என்று மரிய செல்வம் மற்றவர்களுக்கு விளக்கினாள்.

இரண்டாவது வேலை என்னுடையது. வசனம் இல்லாத இடங்களை நான் எடுத்துச் சொல்ல வேண்டும். தினமும் கூத்துக்குப் போய்க் குறிப்பு எடுத்தேன். சாரிடம் காட்டினேன். 'மீன்காரி வியர்வை துடைப்பதற்காக முகத்தைத் திருப்பிய நேரம் பார்த்துப் பூனையானது கூடைக்குள் தலையை விட்டு' என்று நான் எழுதியிருந்ததை அவர் அடித்தார்.

"நீ இதைச் சொல்லி முடிக்கையில பூனை வீட்டுக்குப் போயிரும். மூணு சொல்லுல சொல்லு. பின்ன, ஒண்ணு ஓர்மை வச்சுக்கோ. நீ சொல்லுறது சிரிப்புக்கு முந்தி வரணும். பிந்தி வந்தா அது வெறும் சமாச்சாரம்."

'திரும்புகிறாள். பூனை. ஒரு மீன்.' என்று ஆக்கினேன். 'போகட்டும்' என்றார்.

ஒத்திகைக்கு ராவ் வந்திருந்தபோதுதான் அந்தச் சண்டை நடந்தது. மரிய செல்வம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மீன்காரி நடப்பதைத் தெரிந்துகொண்டிருந்தாள். பூனை ஏறிய கூடையை மீன்காரி தூக்கினாள். மரிய செல்வம் கையை விட்டுவிட்டாள்.

"இது கள்ளம் அண்ணாச்சி."

"என்னம்மா கள்ளம்?"

"எனக்க அம்மை மீன்காரியாக்கும். கூடையில ஒரு மத்தி கொறைஞ்சாலும் கழுத்து அறியும். பூனை இருக்குத அவ அறியாம இருப்பாளா? கனம் ஒரே எடத்துல இருக்காதே, அசையுமே!"

"அறிஞ்சா கதை நின்னுருமே?"

"ஏன் நிக்கணும்? அறிஞ்சும் அறியாத மாதிரி நடக்கட்டு. ஒருத்தன் வெலை பேசுவான். அஞ்சு சக்கரக் காசு சொன்னா ஒரு சக்கரத்துக்குக் கேப்பான். அவன் மூடியத் தெறக்கக் கூடாது. அவனுக்க தலையில கூடையோட பூனையையும் கெட்டிவச்சிட்டு அவ போகட்டு."

அனுசுயா பாய் ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "எங்க மாமனார் காலத்துல இருந்து அந்த மீன்காரி ஏமாந்துட்டே வாறா. நல்ல வேளை, ஒரு மீன்காரி மகள் வந்தா" என்றார்.

எட்டாம் நாள் அந்தி சாயும் நேரம். கொட்டகையில் திரை கட்டினோம். பெட்ரோமாக்ஸைப் பம்ப் அடித்து ஏற்றினோம். அதன் இரைச்சலும் மண்ணெண்ணெய் வாசமும் பரவியபோதே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இருபத்திரண்டு பேரும் திரைக்குப் பின்னால், ராவுக்குப் பக்கத்தில். அவர் காலால் தாளம் தட்டுவதும், குச்சிகள் உரசுவதும், பாவை மாற்றும்போது அவர் மூச்சு மாறுவதும் அங்கேதான் கேட்கும். ஆளுக்கொரு பாளைப் பாவை மடியில். மரிய செல்வத்தின் கை ராவின் மணிக்கட்டில். திரைக்கு முன்னால், நாங்கள் கூப்பிடாமலே, ஊர்க்காரர்கள் ஐம்பது அறுபது பேர் வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கமிட்டிக்காரர் ஒருவரும் இருந்தார்.

சார் முன்னால் உட்காரவில்லை. பின்னால் வந்து, முடைகிறவர்கள் நடுவே பாயில் உட்கார்ந்து, ஒரு பாளைப் பாவையை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜா வந்தார், ராணி வந்தாள், பாட்டெல்லாம் நன்றாகப் போனது. பிறகு மிருதங்கம் நின்றது. மீன்காரி.

"இறக்குகிறாள். துடைக்கிறாள். பூனை. ஒரு மீன்" என்றேன். "திரும்புகிறாள். பூனை. இரண்டாவது மீன்." மடிகளில் இருபத்திரண்டு பூனைகள் எட்டிப் பார்த்தன. "கூடைக்குள் பூனை. மூடி விழுகிறது. தூக்குகிறாள்." ஒரு மூச்சு விட்டேன். "நிற்கிறாள். கழுத்து கனம் பார்க்கிறது."

அங்கேதான் சிரிப்பு வெடித்தது. திரைக்குப் பின்னாலும் முன்னாலும் ஒரே நேரத்தில். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. முன்னால் இருந்தவர்கள், பின்னால் இருந்து வரும் சிரிப்பைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள். விலை பேசும் ஆள் கூடையை வாங்கித் தலையில் வைத்ததும், "வால்" என்று ஒரே ஒரு சொல் சொன்னேன். அதன்பிறகு எனக்குச் சொல்ல எதுவும் தேவைப்படவில்லை. இருபத்திரண்டு குச்சிகளும் வாலை ஆட்டின. எத்தனையோ வருடமாகச் சிரித்துப் பார்த்திராத எங்கள் சூப்பிரண்டு சார் கண்ணை மூடியபடி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

கூத்து முடிந்ததும் கமிட்டிக்காரர் சாரிடம் வந்தார். "அடுத்தது எப்பம்?" என்றார். "எனக்க வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரணும்."

அதற்குப் பிறகு எங்கள் அலமாரியில் கதைகளும் நாடகங்களும் சேர்ந்தன. ராவ் வருடா வருடம் தை மாதம் வந்தால் முதல் ஆட்டம் எங்கள் கொட்டகையில்தான். அந்த மீன்காரி காட்சியை அவர் எல்லா ஊரிலும் புது மாதிரியே நடத்தினார். குழித்துறைச் சுற்றுவட்டாரத்தில் ஆடும்போது மட்டும் மீன்காரி பாவையை ஆட்டுவதும் அவளுக்குப் பேசுவதும் மரிய செல்வம். இரண்டு வருடத்தில் பழகிவிட்டாள். குளச்சல் பேச்சில் அவள் விலை சொல்கிற ராகத்தை ராவால் எத்தனை முயன்றும் கொண்டுவர முடியவில்லை.

ஐம்பத்தாறில் எங்கள் பகுதி தமிழ் மாகாணத்தோடு சேர்ந்தபோது ஊரே கொண்டாடியது. ஆற்றங்கரை மைதானத்தில் ராவின் கூத்து. கால் வைக்க இடமில்லை. மீன்காரி வந்தாள். மரிய செல்வம் அன்று கொஞ்சம் கூட்டியே பேசினாள். கூட்டம் விடவில்லை, அதே காட்சியை இன்னொரு தடவை ஆட வைத்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, அன்றைக்கு ஒரு சொல்லும் சொல்ல வேண்டிய வேலை இல்லாமல், சும்மா பார்த்துச் சிரித்தேன்.

முடிந்ததும் நான் திரைக்குப் பின்னால் போனேன். விழா நடத்தியவர்களில் ஒருவர் மாலையோடு அங்கே வந்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"மீன்காரிக்குப் பேசினது கண்ணு தெரியாத பிள்ளையாமே? அதை முன்னால கொண்டு வாருங்க ராவ். ஜனங்க பாக்கட்டு. குருட்டுப் பிள்ளை இவ்வளவு செய்யுதேன்னு ஆச்சரியப்படுவாங்க."

ராவ் பாவைகளை வரிசையாகப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எங்க அப்பா முன்னால வந்ததில்ல. நானும் வந்ததில்ல. இவளும் கூத்துக்காரி. திரைக்குப் பின்னால இருக்கிறவங்க முன்னால வரமாட்டாங்க. ஜனங்க மீன்காரியைப் பாத்துட்டாங்க, அது போதும். மாலையை இங்கேயே குடுத்துட்டுப் போங்க."

வந்தவர் மாலையை மரிய செல்வத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை முகர்ந்து பார்த்து, பிச்சிப்பூ என்று சொல்லி, பாதியைப் பிய்த்து அனுசுயா பாயிடம் நீட்டினாள். மீதியைத் தன் கொண்டையில் சுற்றிக்கொண்டாள்.

"டீச்சரே, ரெண்டு தடவ ஆடி தொண்டை காஞ்சுபோச்சு" என்றாள். "ஒரு கருப்பட்டிக் காப்பி கிட்டுமா?"